நோட்டீஸ் வந்ததும் முதலாளியின் ஜாதகத்தை எழுத உட்காராதீர்கள்

ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் விசாவில், அதாவது ஒரு முதலாளி பொறுப்பேற்று வேலைக்கு எடுக்கும் விசாவில், இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். விசாவை ரத்து செய்யப்போவதாக நோட்டீஸ் வந்தால் என்ன பதில் எழுதுவது என்பதுதான் விஷயம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் 482 என்ற ஸ்பான்சர் விசாவில் சிட்னிக்கு சமையல்காரனாக வந்தான். சம்பளம் குறைகிறதே என்று கேட்டதற்கு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 'அவனாகவே போய்விட்டான்' என்று குடிவரவுத் துறைக்கும் தகவல் போனது. இது 2022. அப்போது வேலை நின்றால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் கிடைத்தாக வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. கிடைக்கவில்லை. ஐந்தாவது மாதம், விசாவை ரத்து செய்ய யோசிக்கிறோம், உங்கள் பதில் என்ன என்று நோட்டீஸ் வந்தது.

நாலு பக்கம் எழுதினான். நாலும் முதலாளி செய்த அநியாயம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. விசா ரத்து!

குடிவரவுச் சட்டம் 116-ஆம் பிரிவில் அதிகாரி முன்னால் இருப்பது இரண்டு கேள்வி. நிபந்தனையை மீறினாயா? மீறியிருந்தாலும், ரத்து செய்யத்தான் வேண்டுமா? 60 நாள் தாண்டியதும் முதல் கேள்வி முடிந்த கதை. சண்டை முழுக்க இரண்டாவதில்தான். இவனோ அதைத் தொடவே இல்லை. வேலை போனது யாரால், அதன்பிறகு எங்கெல்லாம் வேலை தேடினான், மற்ற நிபந்தனைகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தானா, பெண்டாட்டி பிள்ளைகள் நிலைமை என்ன என்பதையெல்லாம் அங்கே எடைபோடுவார்கள். முதலாளி கதைக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் காரணமாக மட்டும். பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் வாட்ஸ்அப் மெசேஜும் இல்லாமல் சொன்னால் அது வெறும் புலம்பல்.

ரத்தை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய அன்றைக்கு ஏழே வேலை நாள். இப்போது கணக்கு மாறிவிட்டது, உங்கள் கடிதத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அது தவறினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் நீட்டிக்க முடியாது. கட்டணம் 3,000 டாலருக்கு மேல், ஜெயித்தால் பாதி திரும்பும். கோயில் அன்னதான வரிசையில் கிடைக்கும் இலவச சட்ட ஆலோசனையை நம்பி இந்த நாட்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

தீர்ப்பாயம் அதிகாரியின் முடிவுக்கு மார்க் போடும் இடம் இல்லை. வழக்கையே புதிதாக எடுத்துப் பார்க்கும், புது ஆதாரமும் கொடுக்கலாம். தம்பி இந்த முறை மீறலை ஒப்புக்கொண்டான். வேலை கேட்டு அனுப்பிய மெயில்கள், மகளின் பள்ளிக் கடிதம், ஸ்பான்சர் செய்யத் தயாராக இருந்த இன்னொரு கடைக்காரரின் கடிதம் எல்லாவற்றையும் வைத்தான். ஜெயித்தான்.

2024 ஜூலையிலிருந்து அந்த 60 நாள், ஒரு தடவைக்கு 180, மொத்தம் 365 நாள் என்று ஆகியிருக்கிறது. நல்ல மாற்றம், ரொம்பத் தாமதம். ஆனாலும் விசா இன்னும் ஒரு முதலாளியின் கையெழுத்தில்தான் தொங்குகிறது. சம்பளம் கேட்க எத்தனை பேருக்கு வாய் வரும்?

சரி, ஜெயித்த கதைக்கு வருகிறேன். விசாரணைக்குக் காத்திருந்ததிலேயே விசாவின் காலம் முடிந்துபோயிருந்தது. குடும்பத்தோடு திருச்சிக்குப் போய் அங்கிருந்து மறுபடி விண்ணப்பித்தான். ரத்து நிலைத்திருந்தால் மூன்று வருடத் தடை குறுக்கே நின்றிருக்கும். ஏழாவது மாதம் திரும்பி வந்துவிட்டான். மகள்தான் ஒரு வகுப்பு பின்னால் படிக்கிறாள்.