காய்ச்சல் விட்ட பிறகும் பிள்ளையைக் கவனியுங்கள்

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீடே விழித்திருக்கும். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். சூடு இறங்கியதும் "அப்பாடா, விட்டுடுச்சு" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அதற்கப்புறம் வரும் இரண்டு வாரமும் பிள்ளை மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். சில பிள்ளைகளுக்கு இதயத்தில் பிரச்சினை தலைகாட்டுவது அப்போதுதான்.

மயோகார்டைட்டிஸ் என்பார்கள், இதயத் தசையில் வரும் அழற்சி. காக்சாக்கி, அடினோ, பார்வோ, இன்ஃப்ளூயன்சா, டெங்கு, கொரோனா என்று பல வைரஸ்கள் இதற்குக் காரணமாகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெறும் சளி, காய்ச்சலோடு போய்விடுகிற வைரஸ்கள்தான். சிலருக்கு மட்டும் வைரஸும், அதை விரட்ட வரும் உடலின் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து இதயத் தசையைப் புண்ணாக்கிவிடும். அரிதுதான். ஆனால் பார்த்தால் வயிற்றுக் கோளாறு மாதிரியோ வீசிங் மாதிரியோ இருப்பதால் எளிதில் தவறிப்போகும்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயது. சளிக்காய்ச்சல் விட்டு ஒரு வாரம் இருக்கும், வயிற்றுவலி, வாந்தி. முதலில் பார்த்த இடத்தில் அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் நாலு படி ஏறியதும் உட்கார்ந்துவிட்டான். படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்கினான். அடுத்துப் பார்த்த குழந்தை மருத்துவர் சட்டையைத் தூக்கி, வலது விலா எலும்புக்குக் கீழே விரல் நுனியால் மெதுவாக அழுத்தினார். பையன் முகம் சுருங்கியது. ஈரல் வீங்கியிருந்தது. இதயம் சரியாகத் தள்ளாவிட்டால் ரத்தம் பின்னால் தேங்கி ஈரல் வீங்கும், வலி அதனால்தான் என்றார். காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு நாடித்துடிப்பு 150-ஐத் தாண்டி ஓடியது. கை கால் ஜில்லென்று இருந்தது. உடனே ஈசிஜி, எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), இதயத் தசை பாதித்திருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, அன்று இரவே ஐசியூ. பிழைத்துக்கொண்டான். அந்த மருத்துவரின் விரல்களை நான் மறக்கவே மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை சோர்ந்து கிடந்தால் "ஒரு பாட்டில் டிரிப்ஸ் போட்டு விடுங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். தளர்ந்துபோன இதயத்துக்குள் வேகமாகத் திரவத்தை ஏற்றினால் அது நுரையீரலில் போய்த் தேங்கி மூச்சுத்திணறலை அதிகமாக்கும். வயிற்றுப்போக்கிலோ டெங்குவிலோ அதே டிரிப்ஸ் உயிரைக் காப்பாற்றும். எது தேவை, எவ்வளவு தேவை என்பதைச் சோதித்துப் பார்த்தவர் முடிவு செய்யட்டும். தயவுசெய்து நாம் வற்புறுத்த வேண்டாம்.

கொரோனா காலத்தில் இதன் வேறொரு முகத்தைப் பார்த்தோம். 2020 ஏப்ரலில் பிரிட்டன் மருத்துவர்கள் முதலில் எச்சரித்தார்கள், அப்புறம் நம் நாட்டிலும் வந்தது. தொற்று வந்து 2 முதல் 6 வாரம் கழித்து மறுபடி காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, கடுமையான வயிற்றுவலி, கூடவே இதயப் பாதிப்பு. எம்ஐஎஸ்-சி என்று பெயர், பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் வரும் அழற்சி. கொரோனா வந்ததே தெரியாத பிள்ளைகளுக்கும் வந்தது. இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் ஸ்டீராய்டும் நேரத்துக்குக் கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறினார்கள். நேரத்துக்கு என்பதுதான் விஷயம்.

வீட்டில் என்ன செய்யலாம்? பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலே வேகம்தான், உடனே காட்டுங்கள். கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்துக் கொட்டினாலோ, பாதியில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாலோ கிளம்பிவிடுங்கள். பெரிய பிள்ளை நெஞ்சு வலிக்கிறது, படபடக்கிறது என்றாலோ மயங்கி விழுந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். "கொஞ்ச நாள் முன்னாடி காய்ச்சல் வந்துச்சு, ஒரு ஈசிஜி பார்க்கலாமா?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நோயிலிருந்து மீண்ட பிள்ளை வெளியே நன்றாகத்தான் தெரியும். ஆனாலும் 3 முதல் 6 மாதம் ஓட்டம், கால்பந்து, கபடி எதுவும் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் தசைக்கு அந்த வேகம் ஆகாது, இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆண்டுவிழா, விளையாட்டு விழா என்று பிள்ளையே கெஞ்சினாலும் விடாதீர்கள். எக்கோவும் ஈசிஜியும் மறுபடி பார்த்து, இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு மைதானத்துக்கு அனுப்புங்கள்.