மலை இறக்கமும் பிரேக் ஆயிலும்

உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் கார்கள் பிரேக் பிடிக்காமல் போவதைப் பற்றி உங்கள் இதழில் வெளியான கட்டுரை, ஏறுவதற்குப் போடும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று வலியுறுத்தியிருப்பது மிகவும் சரி. ஆனால், பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும், பலரும் கண்டுகொள்ளாத பிரேக் ஆயிலைப் பற்றியும் சில வரிகள் இடம்பெற்றிருக்க வேண்டும்.

கார்களில் பெரும்பாலும் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்பவை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் கலந்த ஆயிலுக்கோ அந்த வரம்பு 155 டிகிரிதான். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது, சக்கரத்தோடு சுழலும் தட்டை உரசி நிறுத்தும் பேடுகளின் சூடு, அவற்றை அழுத்தும் காலிப்பர் என்ற பாகத்தின் வழியாக ஆயிலுக்கு ஏறி, அது கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகிவிட்டால், பெடல் தரைவரை அமுங்குமே தவிர, அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாது. வண்டி நின்று ஆறியதும் பெடல் பழையபடி இறுகிவிடுவதால், பின்னர் மெக்கானிக்கிடம் காட்டும்போது கோளாறு எதுவும் தென்படாமல் போகலாம். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

என் காரில் ஆயில் மாற்றியபோது, காலிப்பரிலிருந்து குழாய் வழியாக வடிந்தது காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது. மட்டம் குறைந்தால் மேலே ஊற்றினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஊற்றுவதால் காலிப்பரில் தங்கிய பழைய ஆயில் வெளியேறுவதில்லை. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு உதகைக்குக் கிளம்புவோர், கடந்த 2 ஆண்டுகளுக்குள் பிரேக் ஆயில் முழுவதுமாக மாற்றப்பட்டிருக்கிறதா என்று சர்வீஸ் பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுமாறு கேட்டுக்கொள்கிறேன்.