ஸ்டூலில் உட்கார்ந்தது அவ்வளவு பெரிய குற்றமா?

சனிக்கிழமை துணிக்கடையில் நான் "சத்தம் போட்டது" இந்நேரம் சேலத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். மீதிப் பேருக்குப் பெரியம்மாவே போன் போட்டுச் சொல்லியிருப்பார். அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. சேலை எடுத்துக் காட்டுகிற கடைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்துதான் இருந்தாள், அவ்வளவுதான். தூங்கவில்லை, போன் நோண்டவில்லை. நாங்கள் படியேறி வந்ததும் எழுந்தும் விட்டாள். எழுந்த வேகம் போதவில்லையாம். பெரியம்மா சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "கஸ்டமர் வர்றது கூடத் தெரியாம மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா" என்று புகார். அந்தச் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டி வேறு மாடிக்கு அனுப்பினார். அப்புறம் ஒன்றரை மணி நேரம் நாங்கள் உட்கார்ந்து சேலை பார்த்தோம். மோர் வேறு கொடுத்தார்கள்.

அந்த ஸ்டூல் சும்மா அங்கே வந்து முளைக்கவில்லை. 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் தமிழ்நாட்டில் திருத்தினார்கள். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்பதுதான் திருத்தம். கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், மனுஷி உட்காருவதற்கு ஒரு சட்டம்! சட்டமன்றம் சரி என்று சொல்லிவிட்டது. பெரியம்மா இன்னும் சொல்லவில்லை.

உனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறார்கள். பிளஸ் டூ முடித்து 4 வருடம் இதே ஊரில் ஒரு துணிக்கடையில் சேலை செக்‌ஷனில் நின்றவள் நான். கடை பேர் வேண்டாம். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதரை. ஆடித் தள்ளுபடியும் கோட்டை மாரியம்மன் பண்டிகையும் சேர்ந்து வரும்போது பத்தரை. சுவரில் சாய்ந்தால் 20 ரூபாய் அபராதம். கவுன்டருக்குப் பின்னால் பக்கத்து ஊர் இளம்பிள்ளையிலிருந்து சேலைக் கட்டுகள் வந்து இறங்கும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் ஒருத்தி கட்டின் மேல் உட்காருவாள், இன்னொருத்தி காவல். ஆள் வந்தால் இருமுவாள். ஆடி மாதம் பூரா எங்கள் செக்‌ஷனில் எல்லோருக்கும் இருமல்தான். ராத்திரி அம்மாபேட்டைக்குப் பஸ் ஏறும்போது செருப்பு வாரைத் தளர்த்தினால்தான் கால் நுழையும். அப்பா குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறிக்காரர். "உட்கார்ந்து எனக்கு இடுப்பு போச்சு, நின்னு உனக்குக் காலு போச்சு" என்று சிரித்துக்கொண்டே வெந்நீர் வைத்துக் கொடுப்பார். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டியது இன்னும் அப்படியே இருக்கிறது. எந்தக் கல்யாணத்திலும் நான் சேலையைத் தூக்கிச் செருகி நடமாடாததற்குக் காரணம் அடக்க ஒடுக்கம் இல்லை, அதுதான்.

"போலீஸ்காரர் வெயிலில் நிற்கவில்லையா?" நிற்கிறார். அவருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள், நான் வேண்டாம் என்றா சொன்னேன்? "காசு கொடுக்கிற இடத்தில் மரியாதை எதிர்பார்க்கக் கூடாதா?" எதிர்பார்க்கலாம். கூப்பிட்டும் திரும்பாத ஆட்களிடம் நானும் எரிச்சல்பட்டிருக்கிறேன். ஆனால் இவள் எழுந்தாள் என்கிறேனே!

"பெரியவங்களை நாலு பேர் முன்னால அவமானப்படுத்தலாமா?" எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இங்கேதான். நான் சொன்னது, "விடுங்க பெரியம்மா, உட்கார்ந்தா என்ன இப்போ" என்பது மட்டும். அது அவமானமாம். அந்தப் பெண்ணுக்கு 20 வயசு இருந்தால் அதிகம். அவளைத் திட்டும்போது அந்த மாடியில் எத்தனை பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்று எண்ணினேன், 11 பேர். அவள் விரித்த சேலையை மடித்து வைத்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்டாள். அதற்கும் திட்டு. அவமானப்படுவதற்கும் ஒரு வயது ஆக வேண்டும் போலிருக்கிறது.

சரி, சொல்லிவிடுகிறேன். படியிறங்கும்போது பெரியம்மா சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "அவளும் அங்க நின்னவதானே. இனம் இனத்தோட சேரும்."

தபாலில் பி.காம். முடித்து 11 வருடமாக ஓர் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். உட்கார்ந்து! ஆனாலும் வீட்டில் விசேஷம் என்றால் சீர்த்தட்டுக்குச் சேலையை விசிறி மாதிரி மடித்து வைக்கக் கூப்பிடுவது என்னைத்தான். "துணிக்கடையில இருந்தவ, அவ கை வச்சாத்தான் அழகு" என்பார்கள். மற்றவர்கள் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். நானும் பாராட்டு என்று நினைத்து இத்தனை வருடம் நின்றுகொண்டே மடித்துக் கொடுத்தேன். எனக்கே சனிக்கிழமைதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். 21 தட்டு. சேலை மடிக்க நான் வருவேனா என்று பெரியம்மா சித்தியிடம் கேட்டு விட்டிருக்கிறார். வருகிறேன் பெரியம்மா. ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.