டிபாபா சகோதரிகள் மூவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்களா?

எத்தியோப்பியாவின் ஓட்ட வீராங்கனை திருனேஷ் டிபாபாவும் உடன்பிறந்த இருவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், 1500 மீட்டர் உலக சாதனையும் திருனேஷுடையதே என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. இரண்டுமே தவறு.

மூவரிடமும் ஒலிம்பிக் பதக்கம் இருக்கிறது. தங்கம் திருனேஷிடம் மட்டுமே. 2008 பெய்ஜிங்கில் 5000, 10000 மீட்டர், 2012 லண்டனில் மறுபடி 10000 மீட்டர் என மொத்தம் 3. அக்கா எஜெகாயெஹு 2004 ஏதென்ஸில் 10000 மீட்டரில் வென்றது வெள்ளி. அதே ஓட்டத்தில் வெண்கலம் பெற்ற தெரார்து துலு இவர்களின் நெருங்கிய உறவினர். 1992, 2000 ஆண்டுகளில் 10000 மீட்டர் தங்கம் அவருக்கே. குடும்பத்தில் இன்னொரு தங்க மங்கை உண்டுதான், ஆனால் அவர் சகோதரி அல்ல. குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

1500 மீட்டர் சாதனை தங்கை கென்ஸெபேயுடையது: 2015, மொனாக்கோ, 3 நிமிடம் 50.07 வினாடி. அதுவும் இப்போது இல்லை. 2023இல் கென்யாவின் ஃபெய்த் கிப்யேகான் முறியடித்துவிட்டார். கென்ஸெபேயின் ஒலிம்பிக் பதக்கம் 2016 ரியோவில் கிடைத்த வெள்ளி.

திருனேஷின் சொந்தக் கணக்குக்கு இரவல் சாதனை தேவையே இல்லை. 2003 பாரிஸில், 18 வயதில், 5000 மீட்டர் உலக சாம்பியன். 2005 ஹெல்சிங்கியில் 5000, 10000 இரண்டிலும் தங்கம். 2008இல் ஓஸ்லோவில் 5000 மீட்டரை 14 நிமிடம் 11.15 வினாடியில் ஓடி வைத்த உலக சாதனை 2020 வரை நின்றது. பிறகு மாரத்தானுக்கு மாறி, 2017இல் சிகாகோவிலும் வென்றார்.