சைக்கியில் நாசா தங்கம் தோண்டப் போகவில்லை

"சைக்கி சிறுகோளை நாசா வெட்டி எடுத்து வந்தால் பூமியில் ஆளுக்கு நூறு கோடி டாலர்" என்று ஒருவர் இணையத்தில் எழுதியிருக்கிறார். அங்கே தோண்டுவதற்கு யாரும் போகவில்லை. 2023 அக்டோபரில் கிளம்பிய நாசா விண்கலம் 2029-இல் சைக்கியைச் சேரும். சுற்றி வந்து படம் எடுக்கும், அளக்கும், அவ்வளவுதான். தரையிறங்காது, மண்ணும் கொண்டு வராது.

அந்த நூறு கோடிக்குப் பின்னால் இருப்பது, சைக்கியின் மொத்த மதிப்பு ஒரு லட்சம் கோடி கோடி டாலர் என்ற கணக்கு. அது தங்கத்துக்கானதே அல்ல. சிறுகோள் பெரும்பாலும் இரும்பு என்று வைத்துக்கொண்டு, அதை இன்றைய சந்தை விலையால் பெருக்கிய மனக்கணக்கு. தக்காளி வரத்து கூடினாலே விலை சரிகிறது. மலை மலையாக இரும்பு வந்து இறங்கினால் பழைய விலையை யார் கொடுப்பார்கள்? போதாக்குறைக்கு, சைக்கியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிராம்தான் என்கின்றன அண்மைய மதிப்பீடுகள். இரும்புக்கு 7.9. அதாவது பாறையும் நிறையக் கலந்திருக்கலாம், அல்லது உள்ளே வெற்றிடம் இருக்கலாம்.

செலவையும் பாருங்கள். பென்னு சிறுகோளிலிருந்து 2023-இல் நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் கொண்டுவந்த மண் 121.6 கிராம். ஒரு டம்ளர் காபி அளவுகூட இல்லை! திட்டச் செலவோ நூறு கோடி டாலருக்கு மேல். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியுகு சிறுகோளிலிருந்து எடுத்துவந்தது 5.4 கிராம். இவை அறிவியலுக்காகப் போனவை, சுரங்கத்துக்கு அல்ல என்பது உண்மைதான். ஆனால் இன்று கையில் இருக்கும் அனுபவம் இவ்வளவே.

சிறுகோள் சுரங்கம் என்றே 2012-இல் ஆரவாரமாக அறிவித்த பிளானட்டரி ரிசோர்சஸ் நிறுவனம், பணம் திரட்ட முடியாமல் 2018-இல் ஒரு பிளாக்செயின் (மின்னணு நாணயங்களுக்கு அடிப்படையான தொழில்நுட்பம்) நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது.