மரவேலை என் பொழுதுபோக்கு, அது அப்படியே இருக்கட்டும்

நான் செய்த ஒரு முக்காலியின் படம் பரவி, அதேபோல் செய்து தரும்படி பலர் கேட்ட விவகாரம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். அந்தப் படத்தை எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார் என்று இன்னமும் நம்புகிறேன். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "ஆர்டர் எடுக்கிறார், விலையை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்" என்று என் எண்ணையும் சேர்த்துப் போட்டதும், நான் மறுத்த பிறகு "பிழைக்கத் தெரியாதவர்" என்பதில் தொடங்கி "வசதி இருப்பதால் வரும் திமிர்" என்பது வரை பேச்சு போனதும் என்னைப் புண்படுத்தின. ஆகவே தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் செய்யும் எதுவும் விற்பனைக்கு அல்ல. நாளை நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டாலும் விற்பனைக்கு அல்ல.

என்னிடம் இருப்பவை ஓர் இழைப்புளி, சில உளிகள், ஒரு கைரம்பம், ஒரு மூலைமட்டம், ஒரு சாணைக்கல். மரம் பெரும்பாலும் சரக்குப் பெட்டிகளைப் பிரித்து எடுத்த பைன் பலகை. அதிலும் எச்.டி. (HT) என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பேன். பலகையின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை அது. எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது என்று பொருள், அதைத் தொட மாட்டேன். இப்படி ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் உண்டு. மரம் அகலவாக்கில் மழைக்காலத்தில் உப்பும், வெயில்காலத்தில் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முக்காலியின் மேற்பலகையை இறுக்காமல் அசைய இடம் விட்டுப் பொருத்தி, ஒரு மழைக்காலம் முழுவதும் அது என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்பணம் கொடுத்த எவர் ஒரு மழைக்காலம் காத்திருப்பார்?

விற்றுப் பார்க்காமல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நெருங்கிய உறவினர் ஒருவர் வற்புறுத்தியதால், கிரகப்பிரவேசத்துக்குள் ஒரு பூசை அலமாரி செய்து தர ஒப்புக்கொண்டு பணமும் வாங்கினேன். அன்றிலிருந்து மாலைதோறும் தொலைபேசி அழைப்பு. "கதவு முடிந்ததா? பாலிஷ் எப்போது? கடையில் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதாமே?" அலமாரி நன்றாகவே வந்தது, குறித்த நாளில் கொடுத்தும் விட்டேன். ஆனால் அந்த வாரங்களில் நான் மரவேலை செய்யும் பால்கனியின் கதவைத் திறக்கவே மனம் வரவில்லை. அலுவலகத்தில் நாள் முழுவதும் யாரோ ஒருவர் குறித்த கெடுவுக்குள் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு, எந்தக் கெடுவும் இல்லாமல் இருந்த ஒரே இடமும் பறிபோனது. வீட்டில் பாடிக்கொண்டு வேலை செய்பவரிடம் கச்சேரிக்குத் தேதி கேட்டால் அவர் பாடுவதை நிறுத்திவிடுவார். எனக்கும் அதுதான் நேர்ந்தது.

இயந்திரம் வாங்கினால் வேகமாக முடிக்கலாமே என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். வேகமாக முடிப்பதால் எனக்கு என்ன கிடைக்கும்? இழைப்புளி சுருளாகச் சீவி எறிகிறது, கூட்டி அள்ளிவிடலாம். இயந்திரத்தில் தேய்த்தால் பறப்பது நுண்ணிய தூள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டே சேர்த்துவிட்டது. அதைப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில் படியவிட நான் தயாராக இல்லை.

"பயன்படாத திறமை எதற்கு?" என்ற கேள்விக்குப் பதில் உண்டு. சுவீடனில் 1870களில் ஓட்டோ சாலமன் என்பவர் நேஸ் என்ற இடத்தில் ஸ்லாய்ட் என்னும் கைவேலைக் கல்வியை வளர்த்தார். பிள்ளைகள் கத்தியும் மரமும் எடுத்துச் சிறிய வீட்டுப் பொருள்களைச் செய்தார்கள். அவர்களைத் தச்சர்களாக்குவது தம் நோக்கமல்ல என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கவனம், பொறுமை, உழைப்பின் மீது மரியாதை, இவை வர வேண்டும் என்பதே நோக்கம். பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே போய்ப் பயின்றார்கள். அதையெல்லாம் பயனற்றது என்பீர்களா?

வசதி, திமிர் என்ற சொற்கள்தான் என்னை உறங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வு கிடைப்பது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு உளி தீட்டக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் வீட்டு நிலைக்கதவைச் செய்த ஆசாரி. வேலை நடுவே உட்கார வைத்து, சாணைக்கல்லில் உளியின் சாய்வை எப்படிப் பிடிப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். ஊருக்கெல்லாம் கதவு செய்த தமக்குத் தம் வீட்டுக்கென ஒரு பலகை இழைக்க நேரம் வாய்க்கவில்லை என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. முக்காலி வேண்டும் என்றவர்களுக்கெல்லாம் அவருடைய எண்ணைத்தான் கொடுத்தேன். அழைத்தவர் ஒருவரும் இல்லை. ஏனென்றால் அவர் கேட்பது உழைப்புக்கான கூலி. என்னிடம் எதிர்பார்த்தது தெரிந்தவர் என்ற உரிமையில் பாதி விலை. இதில் யார் யாரை மதிக்கவில்லை?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மகள் காற்றில் முறிந்து விழுந்த பூவரசங்கிளையில் ஒரு கரண்டி செதுக்கினாள். கிண்ணம் சற்றுக் கோணல், ஆனால் பிடி அவள் கைக்கு அவ்வளவு பொருத்தம். வீட்டுக்கு வந்த ஒருவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை யாரம்மா வாங்குவார்கள்?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டிருப்பார். ஆனால் அவள் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டாள். அடுத்ததாகச் செய்யவிருந்த தோசைத் திருப்பிக்கு அளவு குறித்து வைத்திருந்த கட்டை அப்படியே கிடக்கிறது. அவர் இதைப் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த முறை வரும்போது விலையைப் பற்றிப் பேசாதீர்கள். எந்த மரம், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த இடத்தில் செதுக்கச் சிரமமாக இருந்தது என்று அவளிடம் கேளுங்கள். அவளுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.