விம் எடிட்டரின் எச், ஜே, கே, எல்: விரல் ஆராய்ச்சியில் பிறந்ததா?

நிரல்களையும் உரைகளையும் எழுதித் திருத்த உதவும் விம் எடிட்டரில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகளை வைத்தது விரல் அசைவுகளை ஆராய்ந்து எடுத்த முடிவு என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. அது உண்மையல்ல.

விம்மின் மூதாதையான விஐ-யை 1976 வாக்கில் பில் ஜாய் என்ற புரோகிராமர் எழுதியபோது பயன்படுத்தியது ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல், அதாவது கணினியோடு இணைக்கும் திரையும் விசைப்பலகையும். அதில் தனி அம்புக்குறி விசைகளே கிடையாது. எச், ஜே, கே, எல் மீதுதான் அம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. கன்ட்ரோலோடு எச் அழுத்தினால் ஆஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு இடம் பின்னால், ஜே அழுத்தினால் அடுத்த வரி. அந்த வழக்கத்தோடு இந்த அமைப்பும் ஒத்துப்போகிறது. ஆராய்ந்து வைத்திருந்தால் வலக்கை விரல்கள் இயல்பாக அமரும் ஜே, கே, எல், அரைப்புள்ளி விசைகளை அல்லவா எடுத்திருப்பார்கள்?

சரி, கையை அம்புக்குறிப் பக்கம் கொண்டுபோகாமல் வேலை செய்வது வசதிதான். அது தற்செயலாக வாய்த்த லாபம்.

விஐ-யில் அடிக்கடி அழுத்தவேண்டிய எஸ்கேப் விசை மூலையில் இருப்பதற்கு விஐ-யைத் திட்டுவதும் நியாயமில்லை. ஏடிஎம்-3ஏ-யில் அது இன்றைய டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பின்னால் வந்த விசைப்பலகைகள்தான் அதைத் தள்ளிவைத்தன. கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்ளும் புரோகிராமர்கள் அந்தப் பழைய வசதியைத்தான் மீட்கிறார்கள். யூனிக்ஸ் இயங்குதளத்தில் பயனரின் சொந்தக் கோப்புறையான ஹோமைக் குறிக்கும் அலைக்குறியும் (~) இதே டெர்மினலின் ஹோம் விசையில் இருந்ததுதான்.